இளகிய நிலமும் வடிகாலும்: புக்கிட் பெருந்துங் முதல் தஞ்சோங் காராங் வரை

மலைச்சரிவில் வெட்டிய பாதை அடைமழையில் சரிந்து விழுகிறது. கடலோரக் களிமண்ணில் போட்ட சாலை ஆண்டுக்கணக்கில் தாழ்ந்துகொண்டே போகிறது. இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: மண் துகள்களுக்கு நடுவே சிக்கிய நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தத்தோடு நிற்கிறது. கட்டுமானத்தில் வடிகால் என்று சொல்லப்படுவதெல்லாம் அந்த நீருக்கு வழிவிடும் ஏற்பாடுகளே. எந்த நிலத்தில் எவ்வளவு நீரை, எவ்வளவு காலத்தில் எடுப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. சில நிலங்களில் நீரை எடுக்கவே கூடாது.

இந்த வேறுபாடுகளை அடுத்தடுத்துப் பார்க்க வட சிலாங்கூரைப் போல வசதியான பகுதி கிடைப்பது அரிது. ரவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது புக்கிட் பெருந்துங். அங்கிருந்து மேற்கே தஞ்சோங் காராங் கடற்கரை ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவுதான். அதற்குள் நிலம் நான்கு வகையாக மாறிவிடுகிறது: குன்றுகளின் செம்மண், ஈயம் எடுத்த பள்ளத்தாக்குகள், கரிமண் சதுப்பு, கடைசியாகக் கடல் விட்டுச்சென்ற மென்களிமண். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இந்தப் பகுதியில் முதலில் பால்மரமும் பிறகு செம்பனையும் வந்தன. அவற்றுக்குப் பின் தாமான் எனும் குடியிருப்புகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன. வந்தவை எல்லாமே முதலில் நீரோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

மண்ணுக்குள் நடப்பதைக் கணக்கில் அடக்கியவர் கார்ல் தெர்சாகி. இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த காலத்தில், கையில் கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டு சோதனைக் கருவிகள் செய்து களிமண்ணை அழுத்திப் பார்த்தவர் அவர். 1925-இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் நவீன மண் பொறியியல் தொடங்குகிறது. நீர் நிறைந்த களிமண்ணின் மேல் பாரம் ஏற்றினால், அந்தப் பாரத்தை முதலில் தாங்குவது மண் அல்ல, துளைகளில் இருக்கும் நீர். நீர் கசிந்து வெளியேற வெளியேறத்தான் பாரம் மெல்ல மெல்லத் துகள்களுக்கு மாறுகிறது. துகள்கள் நெருங்குகின்றன, மண் வலுப்பெறுகிறது, மேல்மட்டம் தாழ்கிறது. இதற்குப் பெயர் இறுகல். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் சொட்டிக் கெட்டியாவதும் இதே செயல்தான். மணலில் இது உடனுக்குடன் முடிந்துவிடும். களிமண்ணில் நீர் ஊர்ந்துதான் போகும்.

தெர்சாகியின் கணக்கில் கட்டுமானக்காரர் மறக்கக்கூடாத ஒன்று, இறுகல் முடியும் காலம், நீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது. தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். தூரம் பத்தில் ஒரு பங்கானால் காலம் நூற்றில் ஒரு பங்காகிவிடும். செங்குத்து வடிகால் என்ற தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது.

குன்றுப் பகுதியில் சிக்கல் வேறு வகையானது. அங்கே மண் மென்மையானதல்ல. காய்ந்த நிலையில் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். மழைநீர் உள்ளே இறங்கி நீர்மட்டம் உயரும்போதுதான் துகள்களின் பிடி தளர்கிறது. பால்மரத் தோட்டக் காலத்தில் சரிவின் சம உயரக் கோட்டை ஒட்டிப் படி வெட்டி, இடையிடையே வண்டல் குழிகள் தோண்டி, மூடுபயிர்க் கொடிகளைப் படரவிட்டார்கள். மண் அரிப்பைத் தடுக்கச் செய்தது அது. ஓடும் நீரின் வேகத்தையும் அது குறைத்தது. வீடமைப்புக்காகக் குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும்போது அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே மாதத்தில் மறைந்துவிடுகிறது. அதற்கு ஈடாக வேறொன்றை அமைத்தாக வேண்டும்.

வெட்டிய சரிவில் சுமார் 6 மீட்டர் உயரத்துக்கு ஒரு படி விடுவதும், ஒவ்வொரு படியிலும் சிமெண்டு வாய்க்கால் கட்டுவதும், சரிவின் உச்சியில் தடுப்பு வாய்க்கால் அமைப்பதும், இவற்றின் நீரைப் படிக்கட்டு வாய்க்கால் வழியே கீழே இறக்குவதும் வழக்கம். இவையெல்லாம் மேல்நீருக்கு. உள்நீரை எடுக்கச் சரிவுக்குள் கிடைமட்டமாக, வாய்ப்பக்கம் சற்றுத் தாழும்படி, துளையிட்டு ஓட்டைக் குழாய்களைச் செருகுகிறார்கள். இந்தக் குழாய்களின் வாயில் சில ஆண்டுகளில் துருநிறச் சளி போன்ற படிவு சேர்கிறது. மண்ணிலுள்ள இரும்பு காற்றுப் பட்டுப் படிவதால் வருவது அது. அவ்வப்போது நீர் பாய்ச்சிக் கழுவாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும்.

நிரப்பப்படும் பள்ளத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பள்ளம் என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் ஓர் ஓடை இருந்திருக்கும். ஓடையின் சேற்றையும் செடிகொடியையும் அகற்றாமல் மண்ணைக் கொட்டினால், ஓடை நிற்பதில்லை. நிரப்பிய மண்ணுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சேற்றை வாரி எடுத்து, ஓடையின் பழைய தடத்திலேயே கல் வடிகால் போட்டு, அதற்கு மேல் மெல்லிய அடுக்குகளாக மண்ணைப் பரப்பி இறுக்குவதே முறை. கல் வடிகாலைப் பிரெஞ்ச் வடிகால் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர் பிரான்ஸ் நாட்டைக் குறிப்பதன்று. பண்ணை வடிகால் பற்றி 1859-இல் நூல் வெளியிட்ட ஹென்றி பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயரிலிருந்து வந்தது. உழவர்கள் வயலுக்குச் செய்ததைத்தான் பொறியாளர்கள் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் வடிகட்டி வேண்டும் என்பதும் தெர்சாகி வகுத்த விதிதான். கல் மிகப் பெரிதாக இருந்தால் சுற்றியுள்ள மண் அதன் சந்துகளுக்குள் அடித்துச் செல்லப்படும். வடிகால் அடைவது ஒரு கேடு. வெளியே மண் குறைந்து பொந்து விழுவது அதைவிடப் பெரிய கேடு. வடிகட்டியின் நுண்ணிய பகுதி, காக்கப்படும் மண்ணின் பருத்த பகுதியைவிட நான்கைந்து மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது என்பது அந்த விதி. இப்போது பெரும்பாலும் செயற்கை இழைத் துணி இந்த வேலையைச் செய்கிறது.

சரிவு வடிகாலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சிலாங்கூர் மிகுந்த துயரத்தோடு கண்டிருக்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தனர். பின்னாலிருந்த சரிவின் போதாத வடிகாலும் தடுப்புச் சுவர்கள் இடிந்ததும் விசாரணையில் முன்னுக்கு வந்தன. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் புக்கிட் பெருந்துங் அமைந்துள்ள அதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலி அருகே, முகாமிட்டிருந்தவர்கள் மேல் சரிவு விழுந்து 31 பேர் மாண்டனர். தொடர்ந்து பல நாள் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கியதே அங்கு காரணமாகப் பேசப்பட்டது. மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கிடைமட்டக் குழாயைக் கழுவும் செலவைக் கணக்குப் புத்தகத்தில் வெட்டுபவர் இந்த எண்களையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

அடித்தளக் குழி தோண்டும்போது நீரை எடுப்பது தற்காலிக வேலை. குழியின் ஓரத்தில் கிடங்கு வெட்டி பம்பால் இறைப்பது எளிய வழி. மணற்பாங்கான இடத்தில் அப்படிச் செய்தால் அடிமண் நீரோடு கொப்பளித்து மேலெழும். ஆகவே குழியைச் சுற்றி ஒல்லியான குழாய்களை வரிசையாக இறக்கி உறிஞ்சுவார்கள். காற்றழுத்தத்தை நம்பிய உறிஞ்சல் என்பதால் நடைமுறையில் 6 மீட்டர் ஆழத்துக்கு மேல் ஒரே வரிசையால் இழுக்க முடியாது. அதற்கும் கீழே ஆழ்கிணறும் மூழ்கு பம்பும் வேண்டும். இங்கே ஆபத்து குழிக்கு வெளியே இருக்கிறது. பக்கத்து மனைக்குக் கீழும் நீர்மட்டம் இறங்கும். களிமண்ணாயிருந்தால் அது இறுகும். அடுத்த வீட்டுச் சுவரில் கீறல் விழும்.

புக்கிட் பெருந்துங்கிலிருந்து மேற்கே இறங்கினால், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்து இன்று பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட ஊரைச் சுற்றி ஈயக்குட்டைகள். கப்பல் போன்ற வாரிகள் மண்ணை அள்ளி அலசி ஈயத்தை எடுத்துக்கொண்டு, மணலை ஓரிடத்திலும் நுண்சேற்றை வேறோரிடத்திலும் கக்கிப் போயின. ஒரு மனைக்குள்ளேயே பாதி உறுதியான மணலும் பாதி கஞ்சி போன்ற சேறும் இருக்கலாம். நெருக்கமாகத் துளைகள் போட்டுப் பார்க்காமல் அங்கே எந்த வடிகால் முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அதையும் தாண்டினால் கரிமண். மலாயில் காம்புட். ராஜா மூசா, சுங்கை காராங் வனக் காப்பகங்களை உள்ளடக்கிய வட சிலாங்கூர் கரிமண் சதுப்புக்காடு ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் பரப்புடையது. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குப் பக்கபலமான நீர்த்தேக்கமும் அதுவே. இந்த மண்ணை அறிய ஒரு கைச்சோதனை இருக்கிறது. சுவீடனின் வான் போஸ்ட் வகுத்தது அது. ஒரு பிடி கரிமண்ணை உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் தெளிந்த நீர் மட்டும் வந்து, கையில் நார்களும் வேர்த்துண்டுகளும் அப்படியே நின்றால் அது இன்னும் மட்காத கரிமண். நீர் தேயிலைச் சாயம் போலக் கலங்கி வந்தால் பாதி மட்கியது. பிடித்த மண் முழுவதும் கூழாகி விரலிடுக்கால் வழிந்து, கை வெறுமையாகிவிட்டால் முற்றிலும் மட்கியது. பத்துப் படிகளாக எழுதப்படும் இந்த மதிப்பீட்டுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

கரிமண்ணில் உலர்ந்த பொருளின் எடையைப் போலப் பல மடங்கு நீர் இருக்கிறது. அந்த நீரை எடுத்துவிட்டால் நிலம் மூன்று விதமாகத் தாழ்கிறது. மிதவை போய்த் தன் எடையாலேயே அமுங்குகிறது, உலர்ந்து சுருங்குகிறது, காற்றுப் பட்டு மட்கிக் கரியமில வாயுவாகி மேலே போய்விடுகிறது. முதல் இரண்டும் ஒரு கட்டத்தில் தணியும். மூன்றாவது, வாய்க்காலில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வரை நிற்பதே இல்லை. மேற்கு ஜொகூரில் நீண்ட காலம் அளந்து பார்த்ததில், வடிகால் வெட்டிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் நிலம் தாழ்ந்தது. நிலம் தாழ்ந்ததும் வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டியதாகிறது. வெட்டியதும் நிலம் இன்னும் தாழ்கிறது. களிமண்ணில் நிலத்தைக் காப்பாற்றும் செயல் இங்கே நிலத்தையே தின்கிறது. ராஜா மூசாவில் சட்டவிரோதச் சாகுபடிக்காக வெட்டிய வாய்க்கால்கள் காட்டை உலர்த்தி, அடிக்கடி தீக்கும் புகைமூட்டத்துக்கும் இடம் கொடுத்தன. 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலர்களும் அந்த வாய்க்கால்களைத் தடுப்புக் கட்டி அடைத்து மறுபடியும் நீர் தேக்கி வருகிறார்கள்.

சாலை போட்டே ஆகவேண்டும் என்றால், மெல்லிய கரிமண்ணை முழுதும் தோண்டியெடுத்து மணல் இடுவதும், ஆழமானால் தூண்கள் இறக்கிப் பாரத்தை அடிமண்ணுக்குக் கொண்டுபோவதும், எடை குறைந்த பொருளால் கரை கட்டுவதும் நடக்கின்றன. 2011-இல் திறக்கப்பட்ட இலங்கையின் தெற்கு அதிவேகப் பாதையில், கொழும்பை அடுத்த சதுப்புகளில் கனத்த எடையை உயரத்திலிருந்து போட்டு அமுக்கும் முறையும், வெற்றிட அழுத்தத்தோடு செங்குத்து வடிகாலும் பயன்பட்டன.

கடற்கரைச் சமவெளிக்கு வந்தால்தான் வடிகால் முறைகள் தம் முழுத் திறனையும் காட்டுகின்றன. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தபோது படிந்த சாம்பல்நிறக் களிமண் அது. உள்ளே சிப்பி ஓடுகள் கிடைக்கும். கிள்ளான், கோல சிலாங்கூர் பக்கம் பல இடங்களில் அதன் கனம் 20 மீட்டரைத் தொடுகிறது. மேலே ஒன்றிரண்டு மீட்டர் வெயிலில் காய்ந்து ஓடுபோல இருக்கும், லாரியும் ஏறும். அந்த ஓட்டை நம்பி 3 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் மண்ணைக் கொட்டினால், பல இடங்களில் கரை பிளந்து பக்கவாட்டில் வழுக்கிவிடும்.

இந்த நிலத்துக்கு முதல் வடிகாலைத் தந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். இடுப்பளவு சேற்றில் நின்று, மண்வெட்டியால், வயல் வாய்க்கால், சேகரிப்பு வாய்க்கால், பெரிய பாரிட் என்று மூன்று நிலைகளாக வெட்டி, கடலோரம் பண்ட் எனும் தடுப்புக் கரை எழுப்பிய உழைப்பின் மேல்தான் இன்றைய கரையோர நகரங்கள் நிற்கின்றன. அவர்களுடைய பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா உருவான பின் இந்த வேலை பெரிய அளவில் ஒழுங்குபட்டது. தோட்ட அனுபவம் கற்றுத்தந்த எச்சரிக்கை ஒன்று கட்டுமானத்துக்கும் பொருந்தும்: இந்தக் களிமண்ணில் பல இடங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது மறைந்திருக்கிறது. நீர்மட்டத்தை அளவுக்கு மீறி இறக்கினால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகும். செம்பனை வாடும், சிமெண்டுக் குழாயும் அரிக்கும்.

ஆழத்திலுள்ள நீரை எடுக்க வாய்க்கால் போதாது. 20 மீட்டர் கனமான களிமண், மேலும் கீழும் நீர் வடியக்கூடியது என்று கொண்டால், நடுவிலிருக்கும் நீர் 10 மீட்டர் நடக்க வேண்டும். இறுகும் வேகத்தைக் காட்டும் இறுகல் கெழு ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால், இறுகலில் 90 விழுக்காடு முடிய ஏறத்தாழ 85 ஆண்டுகள். அதே நிலத்தில் 1.2 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் செங்குத்து வடிகால்களை இறக்கினால், நீர் பக்கவாட்டில் அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாக நகர்ந்தால் போதும். காலம் ஏறத்தாழ ஓர் ஆண்டாகச் சுருங்குகிறது. படிந்த களிமண்ணில் நீர் செங்குத்தைவிடக் கிடைமட்டமாக எளிதில் நகரும் என்பது கூடுதல் சாதகம்.

இந்த எண்ணம் பல கைகளில் வளர்ந்தது. அமெரிக்காவில் டேனியல் மோரன் 1926-இல் மணல் தூண் வடிகாலுக்குக் காப்புரிமை பெற்றார். சுவீடனில் வால்ட்டர் செல்மன் 1930களில் அட்டையால் ஆன பட்டையை இறக்கிப் பார்த்தார். 1948-இல் பாரன் என்பவர் பக்கவாட்டு இறுகலுக்கான கணக்கைத் தீர்த்துக் கொடுத்தார். இந்தியாவில் 1960களின் இறுதியில் மணல் நிரப்பிய ஒல்லியான துணிக்குழல் உருவானது. சிங்கப்பூரில் 1980களில் தேங்காய் நார்க் கயிறுகளைச் சணல் துணியில் பொதிந்த பட்டை வந்தது. இன்று எங்கும் புழங்குவது 10 செ.மீ. அகலமும் சில மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளாஸ்டிக் பட்டை. நடுவில் வரிப்பள்ளங்கள் கொண்ட தண்டு; சுற்றிலும் மண்ணைத் தடுத்து நீரை விடும் உறை.

அதை இறக்கும் காட்சி எளிமையானது. முதலில் நிலத்தின் மேல் அரை மீட்டர் அளவுக்கு மணற்போர்வை விரிக்கப்படுகிறது. உயரமான கம்பத்தைத் தாங்கிய எக்ஸ்கவேட்டர் அதன் மேல் நகர்கிறது. பெரிய சுருளிலிருந்து பட்டை கம்பத்தின் உச்சிக்குப் போய், உள்ளீடற்ற எஃகு உறைக்குள் இறங்கி, கீழே வெளிவருகிறது. தொழிலாளி குனிந்து பட்டையின் நுனியை ஒரு சிறு தகட்டில் மடித்துச் செருகுகிறார். உறை களிமண்ணுக்குள் அழுந்திப் போகிறது. மேலே இழுக்கும்போது தகடு அடியிலேயே பிடித்துக்கொள்ள, பட்டை மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. மணலுக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கத்தரிக்கிறார். இயந்திரம் அடுத்த புள்ளிக்கு நகர்கிறது. எஃகு உறை போய்வந்த பாதையில் களிமண் குழைந்து பூசியதுபோலாகி நீரைத் தடுக்கும். ஆகவே உறை எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பட்டைகளை மிக நெருக்கமாகப் போடுவதும் இதே காரணத்தால் பலன் தராது.

பட்டை வழி மட்டுமே. தள்ளும் விசை பாரத்திலிருந்து வரவேண்டும். சாலையின் இறுதி எடையைவிடக் கூடுதலான மண்ணை முன்சுமையாக ஏற்றி, எதிர்பார்த்த தாழ்வு வந்த பின் மிகையை அள்ளிவிடுவார்கள். ஒரே தடவையில் ஏற்றாமல், ஒரு கட்டம் ஏற்றி, களிமண் வலுப்பெறக் காத்திருந்து, அடுத்த கட்டம் ஏற்ற வேண்டும். நிலம் தாங்காத இடத்தில் மணற்போர்வையைக் காற்றுப் புகாத விரிப்பால் மூடி உள்ளேயுள்ள காற்றை உறிஞ்சுவதும் உண்டு. நடைமுறையில் கிடைக்கும் வெற்றிட அழுத்தம் 4 மீட்டர் மண்ணின் எடைக்கு நிகர். மண்ணைக் குவிக்கும்போது போல நிலம் வெளிப்பக்கம் பிதுங்காது என்பதே இதன் பெருமை.

களிமண்ணில் கணிப்பு எவ்வளவு கடினம் என்பதை ஜொகூரிலுள்ள மூவார் காட்டியது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு முன்னோடியாக, 1980களின் பிற்பகுதியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் 14 சோதனைக் கரைகளைக் கட்டியது. பெரும்பாலானவற்றில் வெவ்வேறு நிலச்சீர் முறைகள். ஒன்றில் எந்தச் சீரும் செய்யாமல் உடையும் வரை மண்ணை ஏற்றினார்கள். அது 5.4 மீட்டர் உயரத்தில் உடைந்தது. உடையும் உயரத்தை முன்கூட்டியே கணிக்கும்படி பல நாட்டு வல்லுநர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். 1989-இல் கோலாலம்பூரில் கூடிப் பேசியபோது அவர்களுடைய விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருந்தன. கணினி இருந்தும் நிலை இதுதான். ஆகவேதான் கட்டும்போதே அளப்பது கட்டாயம்: கரைக்கு அடியில் எஃகுத் தகடு வைத்து அதன் கம்பியை மேலே நீட்டித் தாழ்வை அளப்பது, நீரழுத்தமானியால் உள்ளழுத்தம் எவ்வளவு தணிந்தது என்று பார்ப்பது, கரையின் அடியோரம் பக்கவாட்டில் நகர்கிறதா என்று கவனிப்பது. சம இடைவெளியில் எடுத்த தாழ்வு அளவுகளைக் கொண்டு இறுதித் தாழ்வை வரைந்து காணும் முறையை ஜப்பானியர் அசாவோகா 1978-இல் தந்தார். இன்றும் தளங்களில் அதுவே கைகொடுக்கிறது.

பட்டை எட்டாத ஆழத்தில் வடிகாலுக்கு வேலையில்லை. 1994-இல் திறக்கப்பட்ட ஜப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவில், மேலடுக்குக் களிமண் ஏறத்தாழ பத்து லட்சம் மணல் வடிகால்களால் விரைவில் இறுகியது. அதற்கும் கீழேயுள்ள பழைய களிமண்ணைத் தொட முடியவில்லை. தீவு இன்றும் தாழ்ந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூர் சாங்கி கிழக்கில் கடலை நிரப்பியபோது இறக்கிய பட்டைகளின் மொத்த நீளம் 14 கோடி மீட்டர். அவ்வளவு செய்த பின்னும், நீரழுத்தம் தணிந்த களிமண் மிக மெதுவாகத் தன் துகள்களை நெருக்கிக்கொண்டே இருக்கும். பாலமும் சாலையும் சேருமிடத்தில் வண்டி தூக்கிப் போடுவது இதனால்தான்: பாலம் ஆழத்தூண்களில் அசையாமல் நிற்கிறது, அணுகுசாலை இறங்குகிறது. அணுகுசாலையின் கடைசிப் பகுதியிலும் தூண்கள் இறக்கி, பாலத்திலிருந்து விலக விலக அவற்றின் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்து, அந்த மாற்றத்தைச் சரிவாக்குவது வழக்கத்திலுள்ள தீர்வு.

பிழிந்தெடுத்த நீர் போய்ச் சேரும் இடமும் வடிகால் முறையின் ஒரு பகுதியே. பட்டைகளின் வழி ஏறிய நீர் மணற்போர்வையில் பரவி, கரையோரக் கால்வாயில் இறங்கி, தோட்டக் காலத்துப் பாரிட்டில் கலக்கிறது. அந்தப் பாரிட்டில் கோரையும் குப்பையும் அடைத்து நீர் எதிர்த்து நின்றால், போர்வை மூழ்கி, 20 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறும் நீருக்கும் எதிரழுத்தம் கிடைக்கும். பாரிட் முடியும் இடத்தில் பண்டுக்குள் பதித்த மதகு இருக்கிறது. கடல் ஏறும்போது வெளிநீர் அதன் இரும்பு மடலை அழுத்தி மூடிவிடுகிறது. சில மணி நேரம் பாரிட் நீர் உள்ளேயே தேங்கி நிற்கிறது. வற்றம் தொடங்கி வெளிநீர் தாழ்ந்ததும் மடல் தானாக விலக, நாள் முழுவதும் களிமண் விட்டுக்கொடுத்த நீர் கடலுக்குப் போகிறது.